ரேடியோவுக்குக் கீழே ஒரு நரி

1

ஒரு காட்டுப் பறவை மனிதனை நம்புவதற்கு இந்த ஆண்டு விலை, கிலோவுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் குரோனா. பேரம் உண்டு.

நான் சொல்வது ஈடர் வாத்தின் தூவி, விலை கூடிய போர்வைகளுக்குள் அடைக்கும் மென்மயிர். கடலிலேயே கிடக்கும் வாத்து அது. முட்டையிட மட்டும் கரையேறும். தன் மார்பிலிருந்து தானே பிய்த்துக் கூட்டில் பரப்பும் சாம்பல் நிறப் பஞ்சை, அது உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் மண்டியிட்டுக் கையை விட்டு எடுக்கலாம், அது உங்களை நம்பினால். நம்பாவிட்டால் எழுந்து போய்விடும். போகிற போக்கில் முட்டைமேலும் தூவிமேலும் கழிந்துவிட்டுப் போகும். அந்த நாற்றம் மூன்று கழுவலுக்கும் அடங்காது. அறுபது கூடு சேர்ந்தால் ஒரு கிலோ.

வடதுருவத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் இந்தத் தீவில் எங்கள் குடும்பம் தூவி வாங்கி விற்கும் குடும்பம். சாப்பாட்டு மேசையில் உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னால், பதிலுக்கு என்ன தருவாய் என்று கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, வாங்கியது. போன அக்டோபரில் ஸ்கார்வநேஸ் பண்ணையின் ரன்வெய் பதினோரு கிலோ நல்ல தூவியும் நாலு கிலோ கறைபட்டதும் கொண்டுவந்தாள். கறைபட்டதற்குப் பாதி விலை என்றேன். சரி என்றாள். காபி கேட்டாள். கறை எப்படிப் பட்டது என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடித்தபோது நான் கறைக்கும் முழு விலை கொடுத்திருந்தேன். அதோடு நிற்கவும் இல்லை. என் முட்டாள்தனத்தின் மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆகவே இந்தக் கதையைச் சந்தேகப்பட எனக்கு உரிமை உண்டு. காசு கொடுத்தவன் நான்.

2

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் தொடக்கம்: "பனி உருகும் ஏப்ரல் காலையில் கடலின் மேல் ஒளி மெல்ல—"

நிறுத்திவிட்டேன். எங்கள் மேற்குக் கரையில் பனி உருகுவதைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை. கூரை ஒழுகுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது: "எய்விந்தூர் ஈவிரக்கம் இல்லாதவன். அவன் கொன்ற நரிகளின்—"

இதையும் விட்டுவிட்டேன். வில்லன் என்பது மலிவான சரக்கு. எந்தக் கடையிலும் கிடைக்கும், யாரும் பேரம்கூடப் பேசுவதில்லை. எய்விந்தூருக்கு நான் அதைவிடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. அது ஐந்தாம் பகுதியில்.

மூன்றாவது தொடக்கம் நின்றது. நின்றதற்குக் காரணம் அது ஒரு மேலங்கியைப் பற்றியது. துணிமணியைப் பற்றிப் பொய் சொல்வது கடினம்.

3

ஆஸ்கெய்ர் இறந்தபோது வாத்துகளுக்கு அது தெரியவில்லை.

ஸ்கார்வநேஸ் என்பது கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல்லும் புல்லுமான நிலம். குறுக்கே ஒரு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ரன்வெய்யின் வீடு, அந்தப் பக்கம் தொள்ளாயிரத்துச் சொச்சம் வாத்துக் கூடுகள். பழைய டயர், பலகைத் தடுப்பு, கல் முக்கோணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் போட்டு, காய்ந்த புல் வைத்துத் தயாராக வைத்தால் மே மாதத்தில் அவை நடந்து வந்து தத்தம் இடத்தில் உட்காரும். அடைகாக்கும் நாட்களில் அங்கே ஒரே ஒரு ஆள்தான் நடக்கலாம். ஒரே உடுப்பில், ஒரே பாதையில், ஒரே வேகத்தில். விருந்தாளி கிடையாது, நாய் கிடையாது, சுத்தியல் தட்டக் கூடாது. துப்பாக்கி, ஜூலை நடு வரை சட்டப்படியே கிடையாது.

ரன்வெய்யின் கணவன் ஆஸ்கெய்ர் இருபது ஆண்டு ஒரே பழுப்பு மேலங்கியில் நடந்தான். ஒரு பிப்ரவரியில் படகோடு போனான். மேலங்கி வீட்டு முன்னறை ஆணியில் இருந்தது. மே மாதம் வாத்துகள் வந்ததும் ரன்வெய் அதை எடுத்து மாட்டி, கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, வேலிக் கதவைத் திறந்தாள். வாத்துகளில் ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை. மேலங்கி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அவளிடமே கேட்டேன்.

"அழல. கோவம் வந்துச்சு," என்றாள். "இருபது வருஷம் புள்ள மாதிரி பாத்துக்கிட்டான். ஒண்ணாவது, எங்க அந்த ஆளுன்னு நிமிந்து பாத்திருக்கலாம்ல."

நிலத்தின் நடுவில் ஒரு கம்பம். கம்பத்தில் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஒரு ரேடியோ. மனிதக் குரல் கேட்டால் நரி கிட்டே வராது என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் வைப்பதுதான். ஆஸ்கெய்ர் வைத்த ரேடியோ அது. பருவம் முழுவதும் இரவு பகலாகப் பேசும். காற்றின் வேகம், மீன் விலை, மரண அறிவிப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எல்லாம் வாத்துகளுக்கு அத்துப்படி. பொத்தானைப் பேசும் நிலையில் வைத்து அவனே பிசின் நாடாவால் சுற்றிவிட்டான். பருவ முடிவில் பாட்டரி தீர்ந்து தானாக ஓயும்; அடுத்த ஏப்ரலில் புதுப் பாட்டரி மாட்டினால் தானாகப் பேசும். பதினோரு ஆண்டாக அந்தப் பொத்தானை யாரும் தொட்டதில்லை.

[இதை மறந்துவிடாதீர்கள். இதை இங்கே சொல்லாமல், வேண்டிய இடத்தில் சட்டென்று எடுத்து நீட்டினால், எடை போடும்போது தட்டில் கட்டைவிரலை வைப்பதற்குச் சமம்.]

4

போன மே மாதம், வாத்துகள் உட்கார்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அந்தக் கம்பத்தின் அடியில் ரன்வெய் ஒரு நரியைப் பார்த்தாள். பழைய ஆட்டுப்பட்டி இடிந்து விழுந்த கற்குவியல் அங்கே இருக்கிறது. குளிர்கால வெள்ளை பாதி உதிர்ந்து பழுப்பு ஏறிக்கொண்டிருந்த பெண் நரி, வயிறு தொங்க, கற்களுக்குள் நுழைந்தது. நரியை விரட்ட வைத்த குரலுக்கு நேர் கீழே பிரசவ அறை போட்டிருந்தது.

என்ன செய்வது என்பதில் எங்கள் பக்கத்தில் இரண்டு கருத்து கிடையாது. எய்விந்தூரைக் கூப்பிட வேண்டும். அவன் ஆஸ்கெய்ரின் தம்பி, தூவியில் பாதிப் பங்காளி, அதற்கு மேல் நகராட்சியின் நரி வேட்டைக்காரன். ரன்வெய் தொலைபேசியை எடுத்தாள். எண்ணை அழுத்துவதற்கு முன் ஜன்னல் வழியாக இன்னொரு முறை பார்த்தாள். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டுக் காபி போட்டாள்.

அவள் கண்டது இதுதான். கற்குவியலைச் சுற்றியிருந்த கூடுகளில் ஒரு முட்டைகூடக் குறையவில்லை. நரி பின்னாலிருக்கும் செங்குத்துப் பாறைக்குப் போய் அங்கே கூடு கட்டும் கடற்பறவைகளைக் கவ்விக்கொண்டு வந்தது. அந்தப் பாதையின் இருபுறமும் வாத்துகள் உட்கார்ந்திருந்தன, நடுவே நரி, வாயில் இரையோடு, கடைத்தெருவில் போகிறவள் மாதிரி போனது. முட்டை திருட வரும் அண்டங்காக்கைகள் அந்தக் கற்குவியல் மேட்டில் இறங்கவில்லை. பெரிய கடற்காகங்கள் எட்ட நின்றன. ஒரு நாள் வடக்குக் கரையிலிருந்து பின்னங்கால் நொண்டும் ஓர் ஆண் நரி முட்டை வாசனை பிடித்து வந்தது. இவள் (ரன்வெய் அந்த நரியை "இவள்" என்றுதான் சொன்னாள், நானும் அப்படியே விடுகிறேன்) அதைக் கடல் ஓரமாகவே துரத்திக்கொண்டு போய்ப் பாறைக்கு அப்பால் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

ரன்வெய் கணக்குப் போட்டாள். இந்த நிலத்துக்கு இப்போது ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். இவளைக் கொன்றால் நிலம் காலி; காலி என்று தெரிந்தால் நொண்டி வரும், நொண்டியோடு இன்னும் இரண்டு வரும். அவற்றுக்கு இங்கே குட்டி இல்லை, வாடகை இல்லை, அக்கறை எதற்கு?

[உயிரியல் படித்த இருவரிடம் இதைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் யோசித்தார். ஒன்றுக்கு ஒன்று.]

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். குட்டிகளுக்குப் பசி எடுத்து அந்த நரி ஒரே ஒரு முறை பக்கத்துக் கூட்டில் வாய் வைத்து ருசி கண்டால் போதும். மிரண்டுபோன வாத்து அடுத்த ஆண்டு வேறு கரை பார்க்கும். வாத்து இல்லாத ஸ்கார்வநேஸ் வெறும் கல். அதன் பிறகு தலைநகரில் மகள் வீட்டு மாடியறைதான். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

5

எய்விந்தூரின் முதல் வரைவு இப்படி இருந்தது: நரி வால் ஒன்றுக்கு நகராட்சி பன்னிரண்டாயிரம் குரோனா தருகிறது, நரி அடியோடு ஒழிந்தால் அவனுக்கு வேலை இல்லை, எனவே முப்பது ஆண்டாக அவன் எல்லா நரிகளையும் சுடுகிறான், கடைசி நரியை மட்டும் விட்டு. வாசித்துப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். மறுநாள் வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. நான் தூவி வாங்கும் இன்னொரு பண்ணைக்காரர் சொன்ன ஒரு விஷயம் நினைவுக்கு வந்துவிட்டது. எய்விந்தூரும் ஆஸ்கெய்ரும் பிறந்தது எதிர்க்கரையில். அங்கே அவர்கள் அப்பாவுக்கு இதைவிடப் பெரிய வாத்து நிலம் இருந்தது. ஒரே வசந்தத்தில் ஒரு ஜோடி நரி அதை முடித்துவிட்டது. எய்விந்தூருக்கு அப்போது ஏழு வயது. கோடை முழுக்க அவன் காலிக் கூடுகளுக்குப் புல் மாற்றிக்கொண்டிருந்தானாம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையாம்.

இதை எழுதிய பிறகு அவனை வில்லனாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. கட்டுப்படியாகவில்லை.

ஜூன் தொடக்கத்தில் அவன் ரன்வெய்யின் சமையலறைக்கு வந்தான். ஜன்னலோரம் நின்று தொலைநோக்கியை வெகுநேரம் கண்ணில் வைத்திருந்தான். அவள் அவன் முன்னால் காய்ந்த மீனும் வெண்ணெயும் வைத்தாள்.

"உன் மேட்டுல ஒரு அண்டங்காக்காகூட உக்காரல, ரன்னா."

"அதுங்களுக்கு ரேடியோ பிடிக்கல போல."

"பதினோரு வருஷமா பிடிச்சுதே."

"இப்பல்லாம் நிகழ்ச்சி சரியில்ல, எய்வி."

அவன் மீனைக் கிழித்து வெண்ணெயில் தோய்த்து நிதானமாகத் தின்றான். நரி இருந்தால் சொல்லிவிடு என்றான். இருந்தால் சொல்கிறேன் என்றாள். அவள் பொய் சொல்வதை இருவரும் அறிந்தவர்களாக, வானிலை பற்றிப் பேசிப் பிரிந்தார்கள்.

6

அந்தப் பருவத்தில் ரன்வெய் இரவெல்லாம் காவல் இருப்பாள். இருட்டாத இரவுகள் அவை. நண்பகலில் தூங்குவாள். எய்விந்தூருக்கு அது தெரியும். துப்பாக்கி கூடாது என்பதும் தெரியும். நரி வேட்டையில் முதல் வேலை சுடுவதல்ல, கேட்பது. கற்குவியல் மேல் காது வைத்துப் படுத்துக் குட்டிகளின் முனகலைக் கேட்க வேண்டும். எத்தனை, எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் வளையின் வாயை அடைப்பதா கண்ணி வைப்பதா என்று முடிவு செய்வார்கள். முப்பது ஆண்டாக அவன் கையும் காதும் பழகிய முறை அது.

ரன்வெய் தூங்கிய ஒரு நண்பகலில் அவன் முன்னறைக்குள் ஓசைப்படாமல் வந்து, ஆணியில் இருந்த அண்ணனின் மேலங்கியை எடுத்து மாட்டி, கை மடிப்புகளை இறக்கிவிட்டுக்கொண்டு, வேலிக் கதவைத் திறந்து நடந்தான். அதே பாதை, அதே வேகம். அவன் முட்டாள் அல்ல. வாத்துகள் அசையவில்லை. கற்குவியலை அடைந்து மண்டியிட்டுக் காதை வைத்தான். தலைக்கு மேலே ரேடியோ மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நரி வேட்டைக்காரன் எவனும் செய்வதைத்தான் செய்தான். கையை நீட்டி, நாடாவைப் பிய்த்து, ரேடியோவை அணைத்தான்.

வாத்துகள் உட்கார்ந்திருக்கும்போது அந்த நிலம் அமைதியானது பதினோரு ஆண்டில் அதுதான் முதல் முறை. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாத்துகளும் ஒரே சமயத்தில் எழுந்தன.

ரன்வெய் கண் விழித்தது அந்தச் சிறகொலியில் அல்ல, அதற்கு ஒரு மூச்சு முன்னால். ஜன்னல் வழியாக எப்போதும் வந்துகொண்டிருந்த முணுமுணுப்பு நின்றதும் விழித்துவிட்டாள். வெறுங்காலோடு, சிவப்பு இரவுச் சட்டையோடு ஓடினாள். வேலியில் கை வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே போக முடியாது. வாத்துகளுக்குத் தெரியாத உடுப்பு, அதிலும் சிவப்பு. கடலில் கூட்டமாக மிதந்துகொண்டு கரையைப் பார்க்கும் அவை, இவளைக் கண்டால் இன்னும் தள்ளிப் போகும். மேலங்கி ஒன்றுதான் இருந்தது. அது அவன் மேல் இருந்தது. திறந்து கிடந்த முட்டைகளுக்கு மேலே கடற்காகங்கள் கூடத் தொடங்கின.

(இங்கே, தூரத்தில் அந்த மேலங்கியைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் இறந்துபோன— வேண்டாம். அவள் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.)

"ரேடியோவப் போடு," என்றாள், கத்தாமல், காற்று கொண்டுபோகும் அளவுக்கு மட்டும்.

"பொத்தான் கையோட வந்துருச்சு."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வேண்டிய சொற்கள் இருந்தன. அவற்றை அக்டோபரில் என்னிடம் வரிசையாகச் சொன்னாள்.

"அப்ப நீ பேசு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது. நின்ன எடத்துலயே நில்லு. செய்தி படிக்கிறவன் மாதிரி, ஏத்த எறக்கம் இல்லாமப் பேசு, எய்வி. பேசிக்கிட்டே இரு."

ஆறடி உயரத்துக்கு நின்ற நரி வேட்டைக்காரன், கையில் ஒரு பிளாஸ்டிக் பொத்தானோடு, டயர்களுக்கு நடுவில் நின்று கரையோர நிலையங்களின் காற்று வேகத்தை ஒவ்வொன்றாக அறிவிக்கத் தொடங்கினான். வடமேற்கு, நொடிக்கு எட்டு மீட்டர். லேசான தூறல். பார்வைத் தூரம் நன்று. நிலையங்கள் தீர்ந்தன. மறுபடி முதலிலிருந்து சொன்னான். அதுவும் தீர்ந்தபோது, மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றே ஒன்று மீதி இருந்தது.

"எங்கள் அன்புக்குரிய சகோதரன், கணவன், தந்தை, ஸ்கார்வநேஸ் பண்ணை ஆஸ்கெய்ர்..."

அண்ணனின் மரண அறிவிப்பு. வானொலியில் இருமுறை வாசிக்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவன் இவன்தான்.

முதல் வாத்து கரையேறியது அப்போது என்கிறாள் ரன்வெய்.

7

இதுதான் நான் முழு விலை கொடுத்த இடம். இப்போது அதன் மேல் என் சந்தேகத்தையும் வைக்கிறேன். கேட்டதுமே கை பணப்பைக்குப் போனால், வியாபாரி சரக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எய்விந்தூரிடம் போய்க் கேட்டேன். மரண அறிவிப்பா, அதெல்லாம் இல்லை, ரேடியோ விட்ட இடத்திலிருந்து மீன் விலையைச் சொன்னேன், காட் மீன் கிலோ ஐந்நூற்று முப்பது, என்றான். சொல்லிவிட்டுப் படகின் அடிப்பலகையைச் சுரண்டப் போய்விட்டான். அதில் சுரண்ட எதுவும் இல்லை.

நரியைப் பற்றியும் இரண்டு கணக்கு. ரன்வெய் சொல்வது: கடற்காகங்கள் இறங்கியபோது நரி பட்டப்பகலில் வெளியே வந்தாள், மேலங்கி நிற்பதைப் பார்த்தும் ஒதுங்காமல், கூடு கூடாக ஓடி அந்தக் காகங்களை விரட்டினாள், ஒரு முட்டையையும் தொடவில்லை. எய்விந்தூர் சொல்வது: வந்தது உண்மை, ஓடியது உண்மை, ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் வாயில் ஒரு முட்டை இருந்தது, புதைத்துவிட்டு அடுத்ததற்கு வந்தது, கடற்காகங்கள் பறந்துபோனது அவன் அங்கியை உதறியதால்.

நான் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். அவள் கணக்கில் நரி கொஞ்சம் அதிகமாக நல்லவள். அவன் கணக்கில் ஒரு ஓட்டை: அத்தனை நேரம் ஏற்ற இறக்கம் இல்லாமல் மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தவன் எப்போது அங்கியை உதறினான்?

இருவரும் ஒத்துக்கொள்ளும் பகுதி: எழுந்த வாத்துகள் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, மாலைக்குள் திரும்பி உட்கார்ந்தவை எண்ணூற்று எழுபத்தொன்று. அன்று இரவு முழுக்க அவன் அங்கேயே நின்று பேசினான். ரன்வெய் நகரத்துக்குப் போய்க் காலைக்குள் வேறு ரேடியோ வாங்கி வந்தாள். கடைக்காரரைப் படுக்கையிலிருந்து எழுப்பினாளாம்.

8

ஜூலையில், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வாத்துகள் எல்லாம் கடலுக்குப் போன பிறகு, மறுபடி அதே மேசை, அதே காய்ந்த மீன். சுடத் தடை நீங்க இரண்டே நாள் இருந்தது. இந்தக் காட்சியை எழுத எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. நான் வளர்ந்த வீடு இது.

ரன்வெய் நேராக விலைக்கு வந்தாள். நரி இருந்தால் நிலத்துக்குக் காவல், செத்தால் நொண்டி வரும் என்பதை விளக்கிவிட்டு, வாலுக்கு நகராட்சி தரும் பன்னிரண்டாயிரத்தை ஆண்டுதோறும் தானே தருவதாகச் சொன்னாள், சுடாமல் இருப்பதற்கு.

"குட்டிங்களுக்கு?" என்றான்.

"நாலு குட்டி. ஒண்ணுக்குப் பாதி போட்டுக்க."

"ஆறு. நான் காதால கேட்டேன்."

"எப்பக் கேட்ட? வாத்து எழும்புற சத்தத்துலயா?"

"அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நேரம் இருந்துச்சு, ரன்னா. அப்பக் கேட்டேன். ஆறு."

அவள் மீன் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் அவளும் விழித்தாள்.

"சுடாம இருக்கக் கூலி வாங்கின மொத ஆளு நானாத்தான் இருப்பேன்," என்றான் அவன், மீனை மென்றுகொண்டு. பிறகு, "அப்பா நெலத்துலயும் ஒருத்தன் சொன்னான், ஒரு ஜோடிதானே, விடுங்கன்னு." அதற்குப் பிறகு, "யோசிக்கிறேன்."

எங்கள் வீட்டில் யாராவது யோசிக்கிறேன் என்றால் விலை ஏறப்போகிறது என்று பொருள். வேட்டைக்காரன் வீட்டில் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது.

தடை நீங்கும் முந்தின இரவு, ரன்வெய் பன்னிரண்டாயிரம் குரோனாவை மடித்து மேலங்கியின் பைக்குள் வைத்து ஆணியில் மாட்டினாள். ஏன் அங்கே? அதை அவள் எனக்கு விளக்கவில்லை; நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த மேலங்கியைக் கண்டால் வாத்துகள் மட்டுமல்ல, அந்த நரியும் ஓடாது. அதைப் போட்டவன் பத்தடி தூரம் வரை போகலாம். அவன் சுட வந்தால் முதலில் அதைத்தான் எடுப்பான். எடுத்தால் கை பைக்குள் போகும்.

9

அதிகாலையில் எதிர்க்கரைப் பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றுதான்.

ரன்வெய் எழுந்து வந்து பார்த்தபோது மேலங்கி ஆணியில் இருந்தது. ஈரமாக இருந்தது. கை மடிப்புகள் இறக்கிவிடப்பட்டிருந்தன. பையில் பணம் இல்லை.

அந்த வாரம் எய்விந்தூர் நகராட்சியில் ஒரு வால் கொடுத்துப் பன்னிரண்டாயிரம் வாங்கினான். பழுப்பு வால். கோடையில் எங்கள் பக்கத்து நரி ஆணானாலும் பெண்ணானாலும், நொண்டினாலும் நொண்டாவிட்டாலும், வால் பழுப்புத்தான். அதன் பிறகு நிலத்தில் எந்த நரியும் பகலில் தலைகாட்டவில்லை. வெடி கேட்ட இடத்தில் உயிரோடு இருக்கும் நரியும் தலைகாட்டாது.

ஒரு முடிவு: அவன் அண்ணனின் மேலங்கியில் கற்குவியல் அருகே உட்கார்ந்தான். வழக்கமான மேலங்கி என்று நரி பேசாமல் படுத்திருந்தாள். அவள் படுத்திருப்பதைப் பார்த்து நம்பி, நொண்டி கரையோரமாக வந்தது. அவன் வாங்கிய கூலிக்கு வேலை செய்தான்.

இன்னொரு முடிவு: அவன் அதே மேலங்கியில் பத்தடி வரை போனான். நரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி—

இதை நான் முடிக்கப்போவதில்லை.

ரன்வெய் அவனிடம் கேட்கவில்லை. ஏன் என்றேன். "அவன் என்ன சொன்னாலும் நான் மே மாசம் வரைக்கும் ஜன்னல்லதான் நிக்கணும். எதுக்குக் கேக்கணும்?" என்றாள். நான் கேட்டேன், எனக்கு வெட்கம் கிடையாது. அவன் படகிலிருந்து நிமிரவில்லை. "கணக்கு நேரா இருக்கு," என்றான். எந்தக் கணக்கு என்று கேட்பதற்குள் உளியை எடுத்துவிட்டான்.

இதை எழுதுவது பிப்ரவரியில். வாத்துகள் கடலில் இருக்கின்றன. மே மாதம் அவை கரையேறும்போது நடுநிலத்தில் முட்டைகள் களவு போகாமல் இருந்தால் முதல் முடிவு, போனால் இன்னொன்று. அதுவரை நானும் உங்களைப் போலத்தான். எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது எதுவும் இல்லை. ஆனால் கூடுதலாகப் போட்டது உண்டு: அக்டோபரில் அந்தக் காபி ஆறுவதற்குள், வரப்போகும் பருவத்தின் தூவி முழுவதையும் இன்றைய விலைக்கே முன்பணம் கொடுத்து வாங்கிவிட்டேன். அவள் அதைத்தான் விற்க வந்திருந்தாள் என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது. நீங்கள் எந்த முடிவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பணம் இதில் இல்லை.

கணக்கை மட்டும் எழுதிவிடுகிறேன்.

எழுந்த வாத்து தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, திரும்பியது எண்ணூற்று எழுபத்தொன்று, நட்டம் நாற்பத்தொன்று. கறைபட்ட தூவி நாலு கிலோ, முழு விலை, என் தலையில். குண்டு ஒன்று, செலவு. வால் ஒன்று, நகராட்சியில் வரவு. எய்விந்தூருக்குச் சுட்டதற்குப் பன்னிரண்டாயிரம், சுடாததற்குப் பன்னிரண்டாயிரம், இரண்டும் பற்று. இன்னும் வராத பருவத்தின் தூவி பதினைந்து கிலோ, முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

நரி ஒன்று, பாக்கி.